பன்னிரண்டரைக் குடம்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டு அபிப்பிராயம் கேட்பதே இல்லை என்று பட்டியல் சார் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, குழாயும் திறந்திருந்தது. தைரியமாக ஒரு முடிவெடுக்க அந்த வீட்டில் மனுஷனுக்குத் தோதான இடம் அது ஒன்றுதான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆபீஸ் அடையாள அட்டையைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிற ஆசாமி. கடைக்குப் போக ஒரு பட்டியல், அந்தப் பட்டியலை மறக்காமல் எடுத்துப்போக இன்னொரு பட்டியல். ஒரு தடவை மனைவியோடு சண்டை போடுவதற்கே ஏழு பாயிண்ட் எழுதிக்கொண்டு போனார். இரண்டாவது பாயிண்டிலேயே தோற்றுவிட்டு, மிச்சம் ஐந்தையும் அடுத்த சண்டைக்கு ஆகும் என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊரே அவரைப் பட்டியல் சார் என்றது. மனைவி மட்டும் என்னங்க என்றார். அதற்கு அவர் அதிகமாகப் பயப்படுவார்.

உத்தியோகம், காடு வளர்ப்பு அலுவலகத்தில் நாற்றுப் பண்ணை அதிகாரி. குடியிருப்பு, நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குன்றின் அடிவாரத்தில். அந்தக் குன்றை விறகுக்கு என்றும் கல்லுக்கு என்றும் ஆளாளுக்குச் சுரண்டி மொட்டை அடித்துப் பல வருஷம் ஆகிறது. இப்போதுதான் மேலிடத்துக்கு ஞானம் வந்திருந்தது. இந்த மழைக்கு மூவாயிரத்துச் சொச்சம் கன்று நட வேண்டும், ஐந்து வகை மரம் வேண்டும், அடிவாரத்து அறுபத்தொரு வீட்டுக்கும் பிழைப்புக்கு உதவுகிற மரமாக இருக்க வேண்டும், அவர்களைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

உத்தரவைப் படித்து முடிப்பதற்குள் பட்டியல் சார் மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தைலமரம். ஐந்து வகை கேட்கிறார்களே என்று உதவியாளர் இழுத்தார்.

"தைலமரத்துலேயே அஞ்சு வகை இருக்குய்யா," என்றார் பட்டியல் சார்.

அவர் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலை செய்யாமல் இருப்பதற்காக அவ்வளவு வேலை செய்கிற மனுஷரைப் பார்ப்பது கஷ்டம். தைலமரம்தான் சிறந்தது என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்க ராப்பகலாக உட்கார்ந்து ஒரு மதிப்பெண் தாள் தயாரித்தார். அதைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மனைவி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"மரத் தேர்வு. அஞ்சு கேள்வி, கேள்விக்குப் பத்து மார்க். வேகமா வளருமா, நேரா நிக்குமா, ஆடு கடிக்காம விடுமா, பாத்துக்க ஆள் இல்லாம தாங்குமா, போட்டோவுல அழகா விழுமா."

"தைலமரம் நாப்பத்தெட்டு வாங்கியிருக்கு. ரெண்டு மார்க்கை ஏன் பிடிச்சீங்க?"

"பாரபட்சம்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாரு."

"புங்குக்குப் பதினொண்ணு?"

"அது கோணல்மாணலா வளரும். கண்ணை உறுத்தும்."

"இலுப்பைக்கு ஏழா?"

"அது ரொம்ப நிதானம். நான் ரிடயர் ஆகுறப்போ இடுப்பு உயரத்துக்கு வந்து எட்டிப் பாக்கும்."

மனைவி பென்சிலை வாங்கித் தாளின் அடியில் ஒரு வரி எழுத ஆரம்பித்தார். பட்டியல் சார் தாளைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

"என்ன எழுதுற?"

"நம்ம தெரு விளக்குக் கம்பத்துக்கு மார்க் போடுறேன். நட்ட அன்னைக்கே முழு உயரம். பத்து. நேரா நிக்குது. பத்து. ஆடு கடிக்கல. ஆளும் தேவையில்ல. போட்டோ எடுத்தா நம்ம வீட்டுக்கு முன்னாடி அதுதான் விழுது. அம்பதுக்கு அம்பது. பேசாம மூவாயிரம் கம்பம் வாங்கி நட்டுடுங்க."

"கம்பம் மரமாகுமா?"

"திங்க ஒரு பழம் இல்ல, ஆட்டுக்குத் தழை இல்ல, எங்க செக்குக்கு ஒரு விதை இல்ல. அது மட்டும் எங்களுக்கு மரமாகுமா?"

"ஏன், தைலம் இருக்கே. தலைவலிக்குத் தடவலாம்."

"தலைவலி வர்றதே அதாலதானே."

இந்த இடத்தில் அந்தச் செக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விவகாரமே அதில்தான் இருக்கிறது. குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மோட்டாரில் ஓடுகிற எண்ணெய்ச் செக்கு ஒன்று. பட்டியல் சாரின் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழு பேரும் சேர்ந்து அதை ஓட்டுகிறார்கள். புங்க விதை, வேப்ப விதை, இலுப்பை விதை, எது கிடைத்தாலும் ஆட்டி எண்ணெய் எடுத்து, அதில் சோப்பும் காய்ச்சுவார்கள். சோப்பு வெளியூர் வரைக்கும் போகிறது. விதைதான் கிடைப்பதில்லை. மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அடிவாரத்துப் பெண்கள் எல்லோரையும் கூலிக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி இரண்டு மணி நேரம் போய், ஒரு நெடுஞ்சாலையோரம் நிற்கிற பழைய மரங்களுக்கு அடியில் குனிந்து பொறுக்கி மூட்டை கட்டி வருவார்கள். அது நாலு நாள் ஆட்டத்தான் காணும். மிச்ச நாள் செக்கு சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கும். இப்போது சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம், அந்த மரங்களையும் வெட்டுவதற்கு வெள்ளை நம்பர் போட்டுவிட்டார்கள். குன்றில் விதை மரம் வந்தால், அது காய்க்கிற வரை ஐந்து வருஷம் எப்படியாவது பல்லைக் கடித்து ஓட்டிவிடலாம். தைலமரம் வந்தால் செக்கை எடைக்குப் போட வேண்டியதுதான். எட்டுக் குடும்பத்தின் பிழைப்பு அந்தப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டியல் சாருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் விளக்குக் கம்பம் அவர் மனசைக் குத்திவிட்டது. பதினெட்டு வருஷம் மரத்தோடு குப்பை கொட்டியவனைப் பார்த்துக் கம்பத்தை நடு என்று சொல்லிவிட்டாளே. அதனால்தான் குளியலறை, தாழ்ப்பாள், மேற்படி முடிவு.

முடிவெடுத்த கையோடு தெருமுனைக்கு நடந்தார். அங்கே தள்ளுவண்டியில் துணி தேய்க்கிற இஸ்திரிக்காரர்தான் அவருடைய அந்தரங்க ஆலோசகர். இஸ்திரிக்காரருக்கு அறுபத்தொரு வீட்டுச் சட்டையும் தெரியும், சட்டைக்குள் இருக்கிற ஆளும் தெரியும்.

"கூட்டம் போட்டுக் கேக்கணும்கிறாங்க. எல்லாரையும் கேட்டா பொம்பளைங்க புங்கு, இலுப்பைன்னு ஆரம்பிச்சுடுவாங்க," என்றார் பட்டியல் சார்.

"வர்ற செவ்வாய்க்கிழமை வைங்க சார். அவங்கெல்லாம் விதை பொறுக்கப் போயிருப்பாங்க. ஆம்பளைங்க மட்டும் இருப்போம். தைலமரம்னா என்ன வேலை இருக்கும் எங்களுக்கு?"

"ஒரு வேலையும் கிடையாது. நட்டா வளரும்."

"அப்புறம் என்ன சார், அது எங்க குலதெய்வம்."

கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்குவார்கள் என்பதால், கன்றுகளைத் தொட்டியில் வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். வீட்டுக்கு ஐந்து கூழாங்கல் கொடுப்பார்கள். எந்த மரம் வேண்டுமோ அந்தத் தொட்டிக்கு முன்னால் கல்லை வைக்க வேண்டியது. அதிகக் கல் வாங்கிய ஐந்து மரம் குன்றுக்குப் போகும். பட்டியல் சாருக்குப் பிடித்த முறை. வாயைத் திறக்காமல் முடிந்துவிடும்.

ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். அவ்வளவு உறுதியாக இருந்ததால் அதையும் எழுதி வைத்தார்.

செவ்வாய்
1. கூழாங்கல், முந்நூற்றைந்து.
2. பள்ளிக்கூட மைதானம். பன்னிரண்டு தொட்டி. தைலமரம் ஆள் உயரத்தில் நடுவே. மற்றவை குட்டையாகப் பார்த்து ஓரமாக.
3. ஆண்கள் வந்தால் போதும்.
4. வீட்டில் சொல்லக் கூடாது.

நாலாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு. எழுதிய காகிதத்தை மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, அதை மறக்காமல் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடாமல் ஆபீஸ் போய்விட்டார்.

மேஜை துடைக்க வந்த மனைவி அதைப் படித்தார். நிதானமாக மறுபடியும் படித்தார். டம்ளர் பதித்திருந்த டீ வட்டத்தின் மேலேயே டம்ளரைத் திரும்ப வைத்தார். பிறகு பின்பக்கக் கொட்டகைக்குப் போய் ஏழு பேரோடும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பட்டியல் சார் திரும்பி வந்தபோது, காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பாடா என்று அதைப் பைக்குள் தள்ளினார். மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"என்னங்க, உங்களுக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தாரே, அவரை எங்க மாத்தினாங்க?"

பட்டியல் சாருக்கு டீ புரையேறியது. முந்தைய அதிகாரி வேறொரு குன்றில் இரண்டாயிரம் கன்று நட்டார். கோடை வந்தது, ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அவரை ஒரு உப்புத் தீவுக்கு மாற்றினார்கள். மரமே முளைக்காத தீவில் நாற்றுப் பண்ணை அதிகாரிக்கு என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"சும்மாதான். நட்டுட்டு நீங்க போட்டோ எடுத்துட்டு வந்துடுவீங்க. கோடையில தண்ணி யார் ஊத்துறது? எந்த மரமா இருந்தாலும் மொத ரெண்டு கோடைக்குத் தண்ணி வேணும்ல. காஞ்சு போச்சுன்னா கன்னைக் கேக்க மாட்டாங்க, உங்களைத்தான் கேப்பாங்க."

"அடிவாரத்து ஆளுங்க ஊத்துவாங்க."

"வாய்ல சொல்லுவாங்க. கையெழுத்தா போட்டுத் தருவாங்க? விடுங்க, அதெல்லாம் யார் யோசிக்கிறா."

அவர் துணியை அலமாரியில் அடுக்கப் போய்விட்டார். பட்டியல் சார் டீயைக் கீழே வைத்தார். அவர் கண்ணுக்கு முன்னால் உப்புத் தீவு தெரிந்தது. சற்று நேரத்தில் முகம் பளிச்சென்று ஆனது.

"இந்தா, இங்க வா. எனக்கு ஒரு யோசனை தோணியிருக்கு."

"சொல்லுங்க."

"மரம் வேணும்னு கேக்குறவன் யாரோ, அவனே ரெண்டு கோடைக்குத் தண்ணி ஊத்தணும்னு மொதல்லயே எழுதி வாங்கிட்டா?"

"அடேங்கப்பா. எப்படிங்க தோணுது உங்களுக்கு மட்டும்."

"படிப்புன்னு ஒண்ணு இருக்கே."

"எழுதுறதை அழுத்தமா எழுதிடுங்க. கையெழுத்து ஒருத்தர், தண்ணி சுமக்குறது இன்னொருத்தர்னு ஆயிடப் போகுது."

பாராட்டு கிடைத்தால் பட்டியல் சார் எந்த உயரத்துக்கும் போவார். அன்றைக்கு எழுதிய நிபந்தனை அவருடைய வாழ்நாள் சாதனை. கல் வைப்பவர் எவரோ அவரே தம் கையால் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். வீட்டுக்கு ஐம்பது கன்று, நாலு கன்றுக்கு ஒரு குடம், ஆக வாரம் பன்னிரண்டரைக் குடம். இந்தப் பொறுப்பை வேறு எவருக்கும் மாற்ற இயலாது.

"அந்த அரைக் குடம் உறுத்துதே. பதிமூணுன்னு போட்டுடவா?"

"எதுக்குங்க? கணக்கு சுத்தமா இருந்தாத்தான் மேலிடத்துக்குப் பிடிக்கும்."

மேலிடத்துக்கு மிகவும் பிடித்தது. திங்கட்கிழமையே ஒப்புதல் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் அறுபது ஆண்கள் தேய்த்த சட்டையில் நின்றார்கள். பன்னிரண்டு தொட்டிகளுக்கு நடுவே தைலமரக் கன்று மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. ஓரத்தில் இலுப்பைக் கன்று இரண்டு இலையோடு யாருக்கோ மறைந்து நிற்பதுபோல் இருந்தது. பட்டியல் சார் படிவத்தைக் கணீரென்று வாசித்தார். தம் கையால் என்ற இடத்தில் கூட்டம் கொஞ்சம் நெளிந்தது. பன்னிரண்டரைக் குடம் என்ற இடத்தில் முன்வரிசை இரண்டாம் வரிசை ஆனது.

"சார், தம் கையாலன்னா எந்தக் கை?" என்றார் தையல்காரர்.

"கல்லு வைக்கிற கை."

"எங்க வீட்டுல தண்ணி தூக்குற கை வேற சார்."

"அதெல்லாம் மாத்த முடியாது. எழுதியிருக்கு பாருங்க."

"எனக்கு இடுப்புல ஒரு பிடிப்பு சார்," என்றார் ஒருவர். இன்னொருவருக்கு முழங்கால். வேறொருவருக்கு டாக்டர் எடை தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம், எந்த டாக்டர் என்று மட்டும் ஞாபகம் இல்லை. ஐந்து நிமிஷத்தில் அந்த மைதானம் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது.

பட்டியல் சார் பரிதாபமாக இஸ்திரிக்காரரைப் பார்த்தார். இஸ்திரிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஆபத்பாந்தவன் என்று பட்டியல் சார் நினைத்தார்.

"எல்லாரும் தயங்குறாங்க சார். உங்க வீடும் அடிவாரத்துலதானே இருக்கு, அறுபத்தொண்ணுல நீங்களும் ஒண்ணு. நீங்க மொதல்ல வைங்க. உங்களைப் பாத்து நாங்க வைக்கிறோம்."

அறுபது ஜோடிக் கண் அவர் மேல் இருந்தது. அதிகாரி என்றால் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? பட்டியல் சார் பேனாவை எடுத்துப் படிவத்தில் வால் வைத்த கையெழுத்து ஒன்றைப் போட்டார். ஐந்து கூழாங்கல்லையும் எண்ணி, நடுத் தொட்டிக்கு முன்னால் அழகாக வரிசை வைத்தார். திரும்பிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபம். வாங்க."

"பாத்தோம் சார். வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறோம்," என்று இஸ்திரிக்காரர்தான் முதலில் நழுவினார்.

மிஞ்சியது சவரக்கடைக்காரர் ஒருவர். கல்யாணம் ஆகாதவர். எங்க வீட்டுல எல்லாக் கையும் என் கைதான் சார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நெல்லிக்கு மூன்றும் நாவலுக்கு இரண்டும் வைத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.

கால் மணி நேரம் ஆகவில்லை. மைதான வாசலில் பெண்கள் கூட்டம் நுழைந்தது. ஐம்பத்தொன்பது வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஈரக் கையோடு ஓடி வந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தலை வாரி, கை துடைத்து, கிளம்பி உட்கார்ந்திருந்தவர்கள் மாதிரி வந்தார்கள். கடைசியாகப் பட்டியல் சாரின் மனைவி வந்தார்.

"இன்னைக்கு விதை பொறுக்கப் போகலையா?" என்றார் பட்டியல் சார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"கிளம்பிட்டு இருந்தோம். ஆம்பளைங்க யாராவது கூப்பிடுவாங்கன்னு ஒரு தோணல். அப்படியே உட்கார்ந்துட்டோம்."

தையல்காரரின் மனைவி படிவத்தை வாங்கி வாசித்தார். "பன்னிரண்டரைக் குடமா? நாங்க தினம் தூக்காததா. இது நமக்குன்னு தூக்குறது." கையெழுத்துப் போட்டுக் கல்லை வாங்கிக்கொண்டு தொட்டிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மைதானம் சந்தை மாதிரி இரைந்தது. ஒருவர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். ஒருவர் தொட்டி மண்ணைக் கிளறி வேரைப் பார்த்தார். புங்கு சீக்கிரம் காய்க்கும், அது முக்கால்வாசி இருக்கட்டும் என்றார் ஒருவர். அப்படி எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டா ஒரு பூச்சி வந்தா மொத்தமும் போயிடும், கலந்து வைக்கணும் என்றார் இன்னொருவர். வேப்பங்கன்னை ஆடு விடாதே, முள்ளு கட்டினா விடும். நாவல் ஈரம் கேக்கும், அதை ஓடைக்கரையோரம் வைப்போம், விதை இல்லாட்டாலும் பழம் விக்கலாம். இலுப்பை காய்க்கப் பத்து வருஷம் ஆகுமேக்கா. ஆகட்டும், அப்ப நம்ம பொண்ணுங்க செக்கை ஓட்டிட்டு இருப்பாங்க, அவங்களுக்கு என்ன வச்சிட்டுப் போறோம்.

பட்டியல் சார் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதப் பயிற்சியில் அவருக்கு ஒருத்தரும் இவ்வளவு சொல்லித் தரவில்லை. மனசுக்குள் ஒரு பக்கம் எரிச்சலாக இருந்தது. இன்னொரு பக்கம், இவங்க கேக்குறதுதானே நியாயம் என்றும் இருந்தது. அந்த இன்னொரு பக்கத்தை அவர் உடனே அடக்கினார்.

அப்போதுதான் கவனித்தார். எல்லோரும் கல் வைக்கிறார்கள். அவர் மனைவி மட்டும் வெறுங்கையோடு நிற்கிறார். வீட்டுக்கு ஐந்து கல்தான். அந்த ஐந்தும் தைலமரத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. பட்டியல் சாருக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக மூட்டை சுமந்தவள், அவளுக்கு ஒரு கல் இல்லாமல் பண்ணிவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. பக்கத்தில் போனார்.

"உனக்குக் கல்லு இல்லாம போச்சே. நான் யோசிக்கல."

"பரவால்லைங்க," என்றார் மனைவி. "மத்த வீட்டுல இருக்கிற கல்லெல்லாம் என்னோடதுதான்."

எண்ணிப் பார்த்தார்கள். புங்குக்கு எண்பத்தாறு கல். அடுத்தடுத்து வேம்பு, இலுப்பை, நாவல், நெல்லி. தைலமரத்துக்கு ஐந்து கல், ஐந்தும் அதிகாரி வைத்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பைக்குள் இருந்த காகிதம் கையில் தட்டுப்பட்டது. அதில் வட்டமாக ஒரு டீக் கறை இருந்தது. டம்ளருக்கு அடியில் இருந்த காகிதம், டம்ளரை எடுத்துக் கழுவுகிற கை மனைவியுடையது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"நீ இதைப் படிச்சியா?"

"எதைங்க?"

"நாலாவது வரி."

"அடியில ரெண்டு கோடு போட்டிருந்தீங்களே, அதுவா? கோடு போட்டதாலதான் கண்ணுல பட்டுச்சு."

பட்டியல் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கையெழுத்து, தண்ணீர், உப்புத் தீவு என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நடந்து போய்ப் பார்த்தார். எல்லா முனையிலும் துணி மடித்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தார்.

தோற்றதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். மேலிடத்துக்கு அறிக்கை எழுதும்போது அவருக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். அறுபது வீடும் என்னை மீறித் தேர்ந்தெடுத்தது என்று எந்த அதிகாரி எழுதுவார்? 'தீவிர ஆய்வுக்குப் பின் என்னால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மர இனங்கள்' என்று தலைப்புப் போட்டார். புங்கு ஏன், இலுப்பை ஏன், நாவல் ஏன் ஓடைக்கரையில் என்று மைதானத்தில் காதில் விழுந்ததையெல்லாம் தம் வார்த்தையாக மூன்று பக்கம் எழுதினார். தண்ணீர் நிபந்தனையும் தம் சொந்த மூளையில் உதித்தது என்று நாலாவது பக்கத்தில் சேர்த்தார். மனைவி படித்துப் பார்த்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

மழை வந்தது, கன்றுகள் குன்றுக்கு ஏறின. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. குன்றின் அடிவாரத்தில் பச்சைப் பலகை ஒன்று வைத்தார்கள். மர இனத் தேர்வு என்று போட்டு, கீழே பட்டியல் சாரின் முழுப் பேரும் பதவியும் வெள்ளை எழுத்தில் இருந்தன. ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு பேர் இருப்பது தெரிந்தது. அவர் ஒரு வாரம் ஆபீசுக்கு அந்த வழியாகச் சுற்றிக்கொண்டே போனார்.

பிறகு கோடை வந்தது.

பட்டியல் சார் முதல் வேலையாக ஒரு தண்ணீர் லாரி கேட்டு எழுதினார். நாலே நாளில் பதில் வந்தது. தங்களது தண்ணீர் நிபந்தனை மிகச் சிறப்பாக இருப்பதால் அதை எல்லாக் குன்றுகளுக்கும் விதியாக்கிவிட்டோம், ஆகவே எங்கேயும் லாரி கிடையாது, அடிவாரத்தில் குடியிருக்கிற அதிகாரிகளும் தங்களையே பின்பற்றிச் சுமக்க வேண்டும் என்று இருந்தது. அடுத்த நாளிலிருந்து மற்ற எட்டுக் குன்றுகளின் அதிகாரிகள் அவருக்கு ஃபோன் செய்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேசிய பாஷையை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை காலையில் பட்டியல் சார் நீர்த்தேக்கக் குழாயில் குடத்தைப் பிடித்துத் தோளில் ஏற்றினார். பாதித் தண்ணீர் சட்டைக்குப் போனது. மேலே ஏறி நாலு கன்றுக்கு ஊற்றிவிட்டுக் கீழே வந்து பலகைக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருடைய பங்கு ஐம்பதில் ஒன்றுகூடத் தைலமரம் இல்லை, அத்தனையும் புங்கும் இலுப்பையும். புங்கங்கன்று ஒவ்வொன்றும் செம்பழுப்பாகத் துளிர் விட்டு மினுமினுவென்று நின்றது. இஸ்திரிக்காரரின் மனைவி இரண்டு குடத்தோடு அவரைத் தாண்டி ஏறிப் போனார். தெருமுனையிலிருந்து இஸ்திரிக்காரர் கையாட்டினார்.

தம் மனைவி செக்குக் கொட்டகையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றதும் பட்டியல் சார் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்தக் கையெழுத்தை உன் பேருக்கு மாத்திக்கலாமா?"

"வேறு எவருக்கும் மாற்ற இயலாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

"நான் எழுதினதையெல்லாம் நீ ஏன் படிக்கிற?" என்று முனகிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "இந்த மரத்தையெல்லாம் நான் தேர்ந்தெடுக்கவே இல்ல, எல்லாம் உங்க வேலைதான்னு மேலிடத்துக்கு உண்மையை எழுதிட்டா? என்னை விட்டுடுவாங்கல்ல?"

"தாராளமா விட்டுடுவாங்க. பலகையில இருக்கிற பேரையும் அழிச்சிடுவாங்க."

பட்டியல் சார் பலகையை அண்ணாந்து பார்த்தார். வெள்ளை எழுத்து வெயிலில் பளபளத்தது. முழுப் பேர், பதவி, எழுத்துப் பிழையே இல்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப சரி," என்று மனைவி காலிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பேரு உங்களுக்கு, விதை எங்களுக்கு. கிளம்புங்க, இன்னும் பதினொண்ணரை இருக்கு."